அடகுப் போர்வையும் அடைக்கலக் கடவுளும்

எபிரேய வேதம் கடவுளை ஏழைகளின் புகலிடம் என்கிறது. அந்தப் புகலிடம் வயல் ஓரத்துக்கும் களத்துமேட்டுக்கும் கடன்பட்டவர் வீட்டு வாசலுக்கும் வந்து சேர்ந்த கதை இது.

1960-ம் ஆண்டு. இஸ்ரேலின் மத்தியதரைக் கடற்கரையில், யாவ்னே-யாம் என்ற பழைய துறைமுகத்துக்குச் சற்றுத் தெற்கே, சிறிய கோட்டை ஒன்றின் இடிபாடுகளைத் தொல்லியல் அறிஞர் ஜோசப் நாவே அகழ்ந்துகொண்டிருந்தார். இன்று மெசாத் ஹஷாவ்யாஹு என்று அழைக்கப்படும் இடம் அது. அங்கே மையால் எழுதப்பட்ட பானை ஓட்டுத் துண்டுகள் கிடைத்தன. அவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது ஒரு மனு வெளிப்பட்டது. மொழி எபிரேயம். வயது ஏறக்குறைய 2,600 ஆண்டுகள்.

மனுக் கொடுத்தவர் ஓர் அறுவடைக் கூலி. அவர் பெயர் அந்த ஓட்டில் இல்லை. கோட்டையின் அதிகாரியிடம் அவர் முறையிடுகிறார். தனக்குக் குறித்த வேலையை முடித்து, தானியத்தை அளந்து கிடங்கில் சேர்த்த பிறகு, மேற்பார்வையாளர் வந்து தன் ஆடையைப் பறித்துக்கொண்டு போய்விட்டார் என்கிறார். வெயிலில் உடன் அறுத்த கூட்டாளிகள் எல்லோரும் தனக்காகச் சாட்சி சொல்வார்கள் என்கிறார். தன்மேல் குற்றம் இல்லை, ஆடையைத் திருப்பித் தரச் சொல்லுங்கள் என்று கெஞ்சுகிறார். அதிகாரி என்ன தீர்ப்புச் சொன்னார் என்பதற்குப் பதிவு எதுவும் இல்லை.

ஓர் ஆடைக்காக இவ்வளவு பாடா என்று தோன்றலாம். அந்தக் காலத்து ஏழையிடம் இருந்த மேலாடை ஒன்றுதான். பகலில் உடுப்பு, இரவில் போர்வை. பாலஸ்தீன மலைநாட்டில் பகலில் வெயில் காய்ந்தாலும் இரவில் குளிர் நடுக்கும். அந்த ஒற்றைத் துணி போனால் இரவைக் கழிப்பதே பெரும்பாடு.

இதே துணியைப் பற்றி எபிரேய வேதத்தின் யாத்திராகமத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. ஏழையின் போர்வையை அடகு வாங்கினால், சூரியன் மறைவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அது இல்லாமல் அவர் எதைப் போர்த்திப் படுப்பார் என்று சட்டமே கேட்கிறது. அடுத்து வருவது சட்டப் புத்தகங்களில் சாதாரணமாகக் காணக் கிடைக்காதது. அந்த ஏழை என்னை நோக்கிக் கூப்பிட்டால் நான் கேட்பேன், ஏனெனில் நான் இரக்கமுள்ளவன் என்ற கருத்தில் கடவுளே அங்கே பேசுகிறார்.

ஏழையின் கண்ணீர் சும்மா விடாது என்று நம் ஊர்களில் சொல்வார்கள். அந்த நம்பிக்கையை ஒரு சட்டத்தின் காரணமாகவே எழுதி வைத்திருக்கிறது எபிரேய வேதம்.

பாறை, குகை, கோட்டை

எபிரேய வேதம் என்பது யூதர்களின் திருமறை. தோரா என்ற நியாயப்பிரமாணம், தீர்க்கதரிசிகள், எழுத்துகள் என மூன்று பகுதிகள் கொண்டது. யூத மரபில் 24 நூல்கள். கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்று படிப்பதிலும் இந்த நூல்கள் உண்டு. வரிசையும் எண்ணிக்கையும் மாறும்.

இதில் 150 பாடல்கள் கொண்ட சங்கீதப் புத்தகம் கடவுளுக்குச் சூட்டும் பெயர்கள் கவனிக்க வேண்டியவை. 'ட்சூர்' என்றால் பாறை. 'மஹ்செ' என்றால் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கும் இடம். 'மிஸ்காவ்' என்றால் எதிரி ஏறிவர முடியாத உயரம். 'மெட்சுதா' என்றால் மலைக்கோட்டை. சாக்கடல் ஓரம் இருக்கும் புகழ்பெற்ற மசாதா கோட்டையின் பெயரும் இதே சொற்குடும்பம்தான். தமிழில் வேதத்தை மொழிபெயர்த்தவர்கள் இந்த இடங்களில் கன்மலை, கோட்டை, அடைக்கலம் என்ற சொற்களைப் பயன்படுத்தினார்கள். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் 'அடைக்கலம்' ஆளின் பெயராகவே வழங்குகிறது.

இந்தப் பெயர்கள் அந்த நிலத்திலிருந்து வந்தவை. எருசலேமுக்குக் கிழக்கே யூதேயப் பாலைவனம் சரிந்து சாக்கடலை நோக்கி இறங்குகிறது. சுண்ணாம்புப் பாறைகள், ஆழமான பள்ளத்தாக்குகள், எங்கு பார்த்தாலும் குகைகள். மழைக்காலத்தில் திடீர் வெள்ளம் புரளும். துரத்தப்படும் மனிதனுக்கு அங்கே பாறை இடுக்குதான் உயிர்.

தாவீது அரசராவதற்கு முன், சவுல் அரசரின் கோபத்துக்குத் தப்பி அதுல்லாம் குகையில் ஒளிந்துகொண்ட கதையைச் சாமுவேலின் புத்தகம் சொல்கிறது. அவரைத் தேடி அங்கே வந்து சேர்ந்தவர்கள் யார் என்பதையும் குறித்து வைத்திருக்கிறது: நெருக்கடியில் இருந்தவர்கள், கடன்பட்டவர்கள், மனம் கசந்தவர்கள். ஏறக்குறைய 400 பேர். கடனுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடியவர்களின் கூட்டம் அது. கடவுளைப் பாறை என்றும் கோட்டை என்றும் பாடியவர்கள், ஒளிந்துகொள்ள ஓர் இடம் கிடைப்பதன் அருமை தெரிந்தவர்கள்.

கடவுளுக்குப் பெயர் வைத்த அடிமைப் பெண்

அடைக்கலம் தேடிய அரசனுக்கு முன்பே, ஓர் அடிமைப் பெண்ணின் கதை ஆதியாகமத்தில் வருகிறது. பெயர் ஆகார். எகிப்து நாட்டுக்காரர். ஆபிரகாமின் மனைவி சாராளுக்கு வேலைக்காரி. சாராளுக்குக் குழந்தை இல்லாததால், ஆகாரை ஆபிரகாமிடம் கொடுக்கிறார்கள். ஆகாரின் விருப்பத்தை யாரும் கேட்டதாகக் கதையில் இல்லை. கர்ப்பமானதும் வீட்டில் சண்டை. சாராளின் கொடுமை தாங்காமல் ஆகார் பாலைவனத்துக்கு ஓடுகிறார்.

வழியில் ஒரு நீரூற்றின் அருகே கடவுளின் தூதர் அவரைக் கண்டு பேசுகிறார். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்கிறார். ஆகாரைப் பெயர் சொல்லி அழைத்து, அவர் கதையைக் கேட்கும் முதல் குரல் இதுதான். பிறக்கப்போகும் மகனுக்கு இஸ்மவேல் என்று பெயர் சொல்லப்படுகிறது. 'கடவுள் கேட்கிறார்' என்று பொருள். ஆகாரும் தன் பங்குக்குக் கடவுளுக்கு ஒரு பெயர் வைக்கிறார்: 'எல் ரோயி', என்னைக் காண்கிற கடவுள். வேதத்தில் கடவுளுக்குப் பெயர் சூட்டும் முதல் ஆள், வெளிநாட்டைச் சேர்ந்த இந்த அடிமைப் பெண்.

இந்தக் கதையில் உறுத்தலும் உண்டு. தூதர் ஆகாரை அதே எஜமானியிடம் திரும்பிப் போகச் சொல்கிறார். பின்னர் மகனோடு அவர் வீட்டைவிட்டே விரட்டப்படுகிறார். கையில் கொஞ்சம் அப்பம், ஒரு தோல் பை தண்ணீர். தண்ணீர் தீர்ந்ததும், பிள்ளை சாவதைப் பார்க்க மனம் இல்லாமல் அவனைப் புதரடியில் விட்டுத் தள்ளிப் போய் அமர்கிறார். அங்கேயும் கடவுள் பிள்ளையின் குரலைக் கேட்டார் என்கிறது கதை. ஒரு கிணறு கண்ணில் படுகிறது. இஸ்லாமிய மரபில் ஹாஜர் அம்மையாரின் தவிப்பும் ஸம்ஸம் நீரூற்றும் மக்கா யாத்திரையின் நெஞ்சோடு கலந்தவை.

காண்கிறார், கேட்கிறார். இந்த இரண்டு வினைச்சொற்களும் மறுபடி யாத்திராகமத்தில் வருகின்றன. எகிப்தில் செங்கல் சூளை அடிமைகளாகக் கிடந்த இஸ்ரயேலரின் முனகலைக் கடவுள் கேட்டார், அவர்கள் படும் பாட்டைக் கண்டார், விடுவிக்க இறங்கி வந்தார் என்பதே அந்த நூலின் தொடக்கம்.

மூன்று பேரைச் சுற்றி ஒரு வேலி

விதவை, திக்கற்ற பிள்ளை, அந்நியர். தோராவிலும் தீர்க்கதரிசிகளின் நூல்களிலும் இந்த மூவரும் திரும்பத் திரும்ப ஒன்றாக வருகிறார்கள்.

காரணம் எளிது. அந்தச் சமூகத்தில் ஒருவருக்குப் பாதுகாப்பு என்பது நிலமும், தனக்காகப் பேச ஓர் ஆண் உறவும்தான். ஊர்ப் பஞ்சாயத்து நகர வாசலில் கூடும். அங்கே எழுந்து வழக்காடுபவர் குடும்பத் தலைவர். கணவன் இல்லாத பெண்ணுக்கும், தகப்பன் இல்லாத பிள்ளைக்கும், வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவருக்கும் அங்கே குரல் கொடுக்க ஆள் இல்லை.

இவர்களைக் காப்பது நல்ல அரசனின் கடமை என்று அக்கம்பக்கத்து நாடுகளும் சொல்லின. பாபிலோனின் ஹம்முராபி, பலசாலி பலவீனரை ஒடுக்காமல் இருக்கவும், திக்கற்றவருக்கும் விதவைக்கும் நீதி கிடைக்கவுமே தன் சட்டங்களைப் பொறித்ததாகக் கல்வெட்டில் பெருமையோடு எழுதினார். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கும் அந்தக் கல், எபிரேய நூல்களுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. எனவே ஏழைக்கு இரங்குவது எபிரேயர்களின் தனிக் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது.

எபிரேய வேதம் அந்தக் கடமையை எடுத்து வைத்த இடம்தான் வேறு. அங்கே விதவையின் வழக்கறிஞரும் அனாதையின் தகப்பனும் கடவுள்தான். அரசனும் அந்தக் கடவுளின் முன் பதில் சொல்ல வேண்டியவன். இதற்குக் காரணமாக ஒரு நினைவூட்டலும் சேர்ந்தே வருகிறது: நீங்களும் எகிப்தில் அந்நியர்களாக இருந்தவர்கள்.

இரண்டு சட்டங்களை அருகருகே வைத்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். தப்பி ஓடிய அடிமைக்கு வீட்டில் இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்கிறது ஹம்முராபியின் சட்டம். தப்பி வந்த அடிமையை எஜமானிடம் திருப்பி ஒப்படைக்கக் கூடாது என்கிறது உபாகமம். அவருக்குப் பிடித்த ஊரில் அவர் குடியிருக்கலாம், அவரை ஒடுக்கக் கூடாது. எகிப்திலிருந்து ஓடிவந்ததைத் தங்கள் கதையாகச் சொல்லிக்கொண்ட மக்களுக்கு ஓடிவருபவரைப் பிடித்துக்கொடுப்பது எப்படிச் சரியாகும்?

வயலின் ஓரம் யாருடையது?

இந்த அடைக்கலம் அன்றாட வாழ்க்கையில் என்னவாக இருந்தது என்பதைச் சட்டங்கள் காட்டுகின்றன.

* வயலை அறுக்கும்போது ஓரங்களை ஒட்ட அறுக்கக் கூடாது. சிந்திய கதிர்களைப் பொறுக்கக் கூடாது. மறந்து விட்டுவந்த கட்டை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. இவை ஏழைக்கும் அந்நியருக்கும் விதவைக்கும் உரியவை.

* ஒலிவ மரத்தை ஒருமுறை உலுக்கினால் போதும். மிச்சத்துக்காகக் கிளைகளை மறுபடி அலசக் கூடாது. திராட்சைக்கும் இதே விதி.

* கூலியாளின் கூலியை அன்றே, பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும். அவர் உயிர் அந்தக் கூலியை நம்பியிருக்கிறது.

* மாவு அரைக்கும் திருகைக் கல்லை அடகு வாங்கக் கூடாது. அதை எடுப்பது உயிரையே அடகு எடுப்பதற்குச் சமம். விதவையின் ஆடையை அடகாகக் கேட்கவே கூடாது.

* ஏழைக்குக் கொடுக்கும் கடனுக்கு வட்டி இல்லை. ஏழாம் ஆண்டில் கடன் தள்ளுபடி. ஏழாம் ஆண்டு நெருங்குகிறதே என்று கணக்குப் பார்த்துக் கையை இறுக்கிக்கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கையும் உண்டு.

வயல் ஓரத்தில் விடும் கதிரைப் பிச்சை என்று இந்தச் சட்டங்கள் அழைக்கவில்லை. நிலம் கடவுளுடையது, உழுபவர் அதில் குடியிருப்பவர் என்பது தோராவின் கணக்கு. எனவே அந்த ஓரத்துக் கதிர் ஏழையின் பங்கு. அதை அறுத்துக்கொண்டால் அடுத்தவர் பொருளை எடுத்ததாகிறது. எபிரேயத்தில் தர்மத்துக்கு வழங்கும் 'ட்சதாகா' என்ற சொல்லின் வேர்ப்பொருள் நீதி என்பது இங்கே பொருந்துகிறது.

ஒரே சொல், இரண்டு போர்வை

இந்த வயல் சட்டம் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய கதைதான் ரூத்தின் புத்தகம். ரூத் மோவாப் நாட்டுப் பெண். கணவன் இறந்துவிட்டார். விதவையாகிவிட்ட மாமியார் நகோமியைத் தனியே விட மனமின்றி அவரோடு பெத்லகேமுக்கு வருகிறார். மேலே சொன்ன மூவரில் இருவர் ரூத்தாகவே இருக்கிறார்: விதவை, அந்நியர்.

வாற்கோதுமை அறுவடைக் காலம். ரூத் கதிர் பொறுக்கப் போகிறார். நிலத்துக்காரர் போவாஸ் அவரைப் பற்றி விசாரித்து அறிந்து, இஸ்ரயேலின் கடவுளுடைய சிறகுகளின் கீழ் அடைக்கலம் தேடி வந்திருக்கிறாய், அவர் உனக்குப் பலன் தருவார் என்று வாழ்த்துகிறார். வாழ்த்தோடு நிற்காமல், அவருக்காகவே சில கதிர்களை வேண்டுமென்றே உருவிப் போடும்படி வேலையாட்களிடம் சொல்கிறார். அவரை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்றும் கட்டளையிடுகிறார்.

சில வாரங்கள் கழித்து, ஓர் இரவில், களத்துமேட்டில் படுத்திருக்கும் போவாஸிடம் ரூத் வருகிறார். உறவுமுறையில் தன்னை மணந்து காக்க வேண்டியவர் நீங்கள், உங்கள் ஆடையின் ஓரத்தை என்மேல் விரியுங்கள் என்று கேட்கிறார். எபிரேயத்தில் ஆடையின் ஓரத்துக்குச் சொல் 'கனஃப்'. பறவையின் சிறகுக்கும் அதே சொல்தான். கடவுளின் சிறகு உன்னைக் காக்கட்டும் என்று போவாஸ் வாழ்த்தியிருந்தார். அந்தச் சிறகு உங்கள் தோளில்தான் இருக்கிறது என்று ரூத் அவருக்கு நினைவூட்டுகிறார். கடவுளின் அடைக்கலம் பக்கத்து மனிதரின் கைவழியாக வர வேண்டும் என்பதை இந்தச் சிறிய புத்தகம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. அந்தத் திருமணத்தின் வழியில் ரூத்துக்குக் கொள்ளுப்பேரனாக வருபவர்தான் தாவீது.

கோயில் கள்ளர் குகையானபோது

சட்டம் இருந்தது சரி, மக்கள் அதன்படி நடந்தார்களா? இல்லை என்பதற்குச் சாட்சி வேதமே.

நாபோத்தின் திராட்சைத் தோட்டம் ஆகாப் அரசரின் அரண்மனைக்குப் பக்கத்தில் இருந்தது. அரசர் விலைக்குக் கேட்டார். பாட்டன் பூட்டன் சொத்து, தர மாட்டேன் என்றார் நாபோத். அரசி யேசபேல் பொய்ச் சாட்சிகளை வைத்து, சட்டப்படியான விசாரணை போலவே நடத்தி, நாபோத்தைக் கல்லெறிந்து கொல்ல வைத்தார். தோட்டத்தைப் பார்க்கப் போன அரசரை அங்கே எதிர்கொண்டவர் எலியா தீர்க்கதரிசி. கொலையும் செய்து சொத்தையும் எடுத்துக்கொண்டாயா என்பதுதான் அவர் கொண்டுவந்த கேள்வியின் சாரம்.

கி.மு. 8-ம் நூற்றாண்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆமோஸ் இன்னும் காட்டமாகப் பேசினார். ஒரு ஜோடிச் செருப்பின் விலைக்கு ஏழையை விற்கிறார்கள் என்றார். அடகு வாங்கிய ஆடைகளை விரித்து, பலிபீடங்களின் பக்கத்திலேயே சாய்ந்துகொள்கிறார்கள் என்றார். பொழுது சாய்வதற்குள் திருப்பித் தர வேண்டிய அதே துணி, கோயிலுக்குள் மெத்தையாகிவிட்டது.

எரேமியா கோயில் வாசலிலேயே நின்று பேசினார். அந்நியரையும் அனாதையையும் விதவையையும் ஒடுக்கிவிட்டு, இங்கே வந்து நின்று தப்பித்தோம் என்கிறீர்களே, இந்த இடம் கள்ளர் குகையாகிவிட்டதா என்று கேட்டார். கள்ளர்கள் குகையில் திருடுவதில்லை. வெளியே திருடிவிட்டு ஒளிந்துகொள்ள வருகிறார்கள். ஏழைக்கு அடைக்கலமான கடவுளை, ஏழையைப் பறித்தவர் மறைவிடமாக ஆக்கிக்கொள்ள முடியாது என்பதே அவர் வாதம்.

யோயாக்கீம் அரசர் கூலி கொடுக்காமல் ஆட்களை வேலை வாங்கி அரண்மனை கட்டியபோதும் எரேமியா விடவில்லை. உன் தகப்பன் யோசியா ஏழையின் வழக்கை நியாயமாகத் தீர்த்தான், என்னை அறிவது என்பது அதுதான் என்று கடவுள் கேட்பதாகச் சொன்னார். ஏழைக்கு நீதி செய்வது கடவுளை அறிவதன் பலன் என்றுகூட அவர் சொல்லவில்லை. அதுவே கடவுளை அறிவது.

பதில் வராத இரவுகள்

இத்தனைக்கும் நடுவில், வேதம் மறைக்காத ஒரு கேள்வி இருக்கிறது. கூப்பிட்ட ஏழைக்குப் பதில் வரவில்லை என்றால்?

சங்கீதங்களில் கணிசமானவை புலம்பல்கள். ஏன் தூரத்தில் நிற்கிறீர், ஏன் ஒளிந்துகொள்கிறீர் என்று பத்தாம் சங்கீதம் கடவுளிடமே கேட்டுத் தொடங்குகிறது. எண்பத்தெட்டாவது சங்கீதம் ஆறுதல் எதுவும் இல்லாமல் இருட்டிலேயே முடிகிறது.

இவற்றையெல்லாம்விடத் துணிச்சலான இடம் யோபின் புத்தகத்தில், 24-வது அதிகாரத்தில் வருகிறது. விதவையின் மாடு அடகில் போகிறது. அனாதையின் கழுதை ஓட்டிச் செல்லப்படுகிறது. போர்த்திக்கொள்ளத் துணி இல்லாத ஏழைகள் மலை மழையில் நனைந்து, ஒதுங்க இடமின்றிப் பாறையைக் கட்டிக்கொண்டு இரவைக் கழிக்கிறார்கள். யோபு அங்கே பயன்படுத்தும் சொற்கள் 'மஹ்செ', 'ட்சூர்'. சங்கீதங்கள் கடவுளுக்குச் சூட்டிய அதே பெயர்கள். பாடலில் பாறை என்றால் கடவுள். யோபின் வரிகளில் பாறை என்றால் ஈரமான வெறும் கல். கடவுள் இதைக் கண்டுகொள்ளவில்லையே என்பது யோபின் குற்றச்சாட்டு. அந்தக் குற்றச்சாட்டை வெட்டி எறியாமல் திருமறைக்குள்ளேயே வைத்துக் காத்தார்கள் அந்த மக்கள்.

சட்டங்களுக்கும் எல்லைகள் இருந்தன. கடனுக்கு அடிமையான இஸ்ரயேலருக்கு விடுதலை ஆண்டு உண்டு. வெளிநாட்டு அடிமைகளைப் பரம்பரைச் சொத்தாக வைத்துக்கொள்ள லேவியராகமம் அனுமதிக்கிறது. அந்நியரிடம் வட்டி வாங்க உபாகமம் இடம் தருகிறது. பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டபோது பயந்துபோய் அடிமைகளை விடுவித்தவர்கள், ஆபத்து சற்று விலகியதும் அவர்களை மறுபடி பிடித்துக்கொண்டதை எரேமியாவின் புத்தகம் பதிவு செய்திருக்கிறது.

கி.மு. 5-ம் நூற்றாண்டில் ஆளுநராக வந்த நெகேமியாவின் காலத்தில், பாரசீக அரசருக்கு வரி கட்டவும் தானியம் வாங்கவும் மக்கள் வயல்களை அடகு வைத்தார்கள். பெற்ற பிள்ளைகளை அடிமைகளாக விட்டார்கள். நெகேமியா ஊரைக் கூட்டி, வயலையும் தோட்டத்தையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்க வைத்தார். தானும் தன் ஆட்களும் கடன் கொடுத்திருப்பதை அவர் அங்கே சொல்லத் தவறவில்லை.

வசனத்திலிருந்து வழக்கத்துக்கு

பின்னர் வந்த யூத அறிஞர்கள் இந்த வேலையைத் தொடர்ந்தார்கள். வயல் ஓரம் என்றால் எவ்வளவு? அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்று மிஷ்னா அளவு சொன்னது. ஏழாம் ஆண்டு தள்ளுபடிக்குப் பயந்து யாரும் கடன் கொடுக்க முன்வராதபோது, ஹில்லேல் என்ற அறிஞர் கடனை நீதிமன்றத்தின் பொறுப்பில் ஒப்படைக்கும் 'ப்ரோஸ்பூல்' என்ற பத்திரத்தைக் கொண்டுவந்தார். அப்படி ஒப்படைத்த கடன் தள்ளுபடியாகாது. ஏழையைக் காக்க வந்த சட்டம் ஏழைக்குக் கடன் கிடைக்காமல் செய்துவிடக் கூடாது என்பது அவர் கவலை. அது ஏற்பாடா, விட்டுக்கொடுத்தலா என்று இன்றும் விவாதம் நடக்கிறது.

12-ம் நூற்றாண்டில் மைமோனிடஸ் தர்மத்தை எட்டுப் படிகளாக வகுத்தார். உச்சிப்படியில் அவர் வைத்தது, ஒருவருக்குக் கடனோ கூட்டு வியாபாரமோ வேலையோ கொடுத்து, அவர் யாரிடமும் கையேந்தாதபடி நிற்க வைப்பதை. 1892-ல் நியூயார்க்கில் யூதக் குடியேறிகள் வட்டியில்லாக் கடன் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அது இன்றும் இயங்குகிறது. நிலத்துக்கு ஓய்வு தரும் ஏழாம் ஆண்டு வழக்கம் இஸ்ரேலில் 2021-22-ல் கடைப்பிடிக்கப்பட்டது. அடுத்தது 2028-29-ல் வருகிறது.

வேதத்தின் இந்தக் குரல் யூத சமூகத்தோடு நிற்கவும் இல்லை. அமெரிக்காவில் அடிமைகளைத் தப்புவித்த ஹாரியட் டப்மனை மக்கள் 'மோசே' என்றே அழைத்தார்கள். பெரு நாட்டுப் பாதிரியார் குஸ்தாவோ குத்தியெரெஸ் 1971-ல் விடுதலை இறையியலைப் பற்றி எழுதியபோது, எகிப்திலிருந்து வெளியேறிய அடிமைகளின் கதை அவருக்கு ஓர் அடித்தளமாக இருந்தது.

வாசலுக்கு வெளியே நில்

உபாகமத்தின் 24-வது அதிகாரத்தில் அதிகம் பேசப்படாத ஒரு சிறிய விதி உண்டு. கடன் கொடுத்தவர் அடகுப் பொருளை வாங்க வருகிறார். அவர் கடன் வாங்கியவரின் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். எதை அடகாகக் கொடுப்பது என்று பார்த்து, வீட்டுக்காரரே அதை வெளியே எடுத்து வருவார்.

கடன் ரத்தாகிவிடவில்லை. கொடுத்தவருக்கு அடகு கேட்கும் உரிமையும் இருக்கிறது. ஆனால் உள்ளே புகுந்து, மனைவி மக்கள் பார்க்கப் பானை சட்டிகளைப் புரட்டி, இதைக் கொடு அதைக் கொடு என்று அதட்ட அவருக்கு உரிமை இல்லை. அந்த வீட்டில் விலைபோகும் பொருள் எதுவும் இல்லாமல் போகலாம். இருந்தாலும் அது ஒரு மனிதரின் வீடு.

கடவுளைக் கோட்டை என்று பாடிய மக்களின் சட்டம், ஏழையின் குடிசை வாசலையும் ஒரு கோட்டை வாசலாகவே மதித்தது. கையில் பணமும் பக்கத்தில் சட்டமும் உள்ளவர் அங்கே வந்ததும் நின்றுவிட வேண்டும்.